பாளையங்கோட்டையில் நான் கொன்ற கடல் மிருகம்

கொழும்பில் ஒரு காட்சிச்சாலையில் எனக்கு வேலை. செத்த மிருகங்களை அவித்து, சதை நீக்கி, எலும்புகளைக் கம்பியில் கோத்து நிறுத்துவேன். யானை, முதலை, மான் எல்லாம் நிறுத்தியிருக்கிறேன். கூடத்தின் நடுவில் தொங்கும் திமிங்கிலமும் என் கைவேலைதான். அதற்கு முதுகெலும்பில் ஒரு கணு குறைவு. அந்த இடத்தில் பலாக்கட்டையைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி மாட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஞானமுத்து என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் எங்கள் துரைக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் கேள்விகள். கடலில் வாழும் மிகப் பெரிய மிருகத்துக்கு வயிறு எத்தனை? வயிற்றுக்குள் காற்று நிற்குமா? சூடு எவ்வளவு? துரை படித்துச் சிரித்துவிட்டு மேசைக்குள் போடுவார். கடைசிக் கடிதத்தில், அந்த மிருகத்தின் எலும்பு ஒன்று தன்னிடம் இருப்பதாக எழுதி, படமும் வரைந்து அளவும் குறித்திருந்தார். துரை சிரிக்கவில்லை. "ஆள் கிறுக்கனாக இருக்கலாம், படம் சரியாக இருக்கிறது. போய்க் கொண்டுவா. உன் சொந்த ஊர்ப்பக்கம்தானே" என்றார் ஆங்கிலத்தில். என் அப்பா தச்சநல்லூரிலிருந்து கப்பலேறியவர். நான் அந்த மண்ணை அதுவரை மிதித்ததில்லை.

தூத்துக்குடியில் இறங்கியதும் ஒரு மர மேசை முன்னால் வரிசையாக நிறுத்தி, நாக்கை நீட்டச் சொன்னார்கள், அக்குளைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே காய்ச்சல் வந்தாலும் அது கொழும்பிலிருந்துதான் வந்தது என்பது அவர்கள் எண்ணம். என் பெட்டியில் இருந்த கத்திகளையும் சுரண்டிகளையும் எடுத்துப் பரப்பினார் ஒரு சிப்பந்தி.

"அறுக்குத ஆளாவே நீரு?"

"செத்ததை மட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கத்திகளைத் திரும்ப வாங்குவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்ததற்கு நான்கு மணி நேரம் வெயிலில் நின்றேன். மார்கழி மாதத்தில் இப்படி ஒரு வெயிலா என்று திட்டினேன்.

அன்று மாலை தச்சநல்லூரில் இறங்கி, ஒரு பலசரக்குக் கடையில் அப்பாவின் பெயரையும் தெருவையும் சொல்லிக் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார்.

"தெரு இருக்கு. அந்தப் பேருல ஆளு இல்லியே. எப்பப் போனாவ?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

"நாப்பது வருஷம் கழிச்சி வந்து ஆளைக் கேட்டா என்னவே சொல்ல? காப்பி குடிச்சிட்டுப் போவும்."

கருப்பட்டிக் காப்பி. தொண்டைவரை இனிப்பு. எங்கள் ஊரில் இதில் பாதிகூடப் போடமாட்டார்கள். சத்திரத்தில் படுத்தேன். மூட்டைப்பூச்சி மட்டும் கொழும்பு மாதிரியே இருந்தது.

மறுநாள் ஒற்றைமாட்டு வண்டி பிடித்து ஆற்றைக் கடந்தேன். பாலத்தின் நடுவில் கடையாணி கழன்று சக்கரம் தனியே உருண்டு போனது. வண்டிக்காரன் அதன் பின்னால் ஓட, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தாமிரபரணியைப் பார்த்தேன். எங்கள் களனி ஆறு சேற்றுக் கஞ்சி மாதிரி இருக்கும். இதில் கல் தெரிந்தது. குளிக்கிறவர்களின் கால் தெரிந்தது. அழகுதான். எனக்கு அன்றைக்கு அழகு பார்க்கும் மனநிலை இல்லை. இடுப்பில் அடி. மீதித் தூரம் நடந்தே போனேன்.

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தெருவில் வீடெல்லாம் புதுச் சுண்ணாம்பு. வீட்டுக்கு வீடு முறுக்கு சுடும் எண்ணெய் வாசனை. ஒரே ஒரு வீட்டுச் சுவர் மட்டும் மழைக்கறையோடு பாசி பிடித்துக் கிடந்தது. அதுதான் வாத்தியார் வீடு என்று விசாரிக்காமலே தெரிந்துவிட்டது.

ஞானமுத்து வாத்தியார் மெலிந்த நெடிய மனிதர். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அறையின் நடுவில் எலும்பு இருந்தது. முக்காலி உயரம், முக்காலி அகலம். அதன்மேல் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், மைக்கூடு, பேனா. எலும்பைத்தான் எழுதும் மேசையாக வைத்திருந்தார்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். திமிங்கிலத்தின் முதுகுக் கணு. பழைய எலும்பு.

"உக்காரும்வே. முதல்ல நோட்டைப் பாரும்" என்றார்.

பார்த்தேன். எனக்கு அந்த மாதிரி ஒரு வேலை செய்ய வராது. பக்கம் பக்கமாக ஒரு மிருகம். காட்சிச்சாலையில் இருக்கும் புத்தகங்களில்கூட இவ்வளவு சீராக எழுதியதில்லை. தோல் எத்தனை விரல் கனம், விலா எத்தனை, இதயம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை துடிக்கும். வயிறு மூன்று. முதல் வயிற்றில் இரை செரிப்பதில்லை, சேமிப்பு மட்டும். அதன் சுவர் வியர்க்கும், புதுப்பானை கசிவது போல; அந்த வியர்வையில் உப்பு இல்லை, குடிக்கலாம். விழுங்கிய மீன்களில் சில ஒளிவிடும். அதனால் உள்ளே மங்கலான வெளிச்சம் உண்டு. மிருகத்தின் வயது நூறு. மன்னார்க் குடாவில் படுத்திருக்கும், ஐப்பசியில் மட்டும் மேலே வரும். இதற்கெல்லாம் அவர் வேதத்தில் வரும், மீன் வயிற்றில் உயிரோடு இருந்தவன் கதையைக் காட்டவில்லை. கணக்கும் இயற்கைப் பாடமும் நடத்திய ஆள். எலும்பைக் காட்டினார்.

ஒரு பக்கத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், 'தானியேலின் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நிமிர்ந்து நிற்க இடம் போதும்' என்று எழுதியிருந்தது.

தானியேல் அவருடைய ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி நடுவில், கொழும்பில் கணக்கப்பிள்ளை வேலைக்குக் கிளம்பினான். கப்பலில் போனால் காய்ச்சல் பரிசோதனை என்று பல நாள் அடைத்து வைப்பார்கள் என்று பயந்து தோணியில் ஏறினான். நான் பட்டதைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான். தோணி போய்ச் சேரவில்லை. பலகை ஒன்றுகூட ஒதுங்கவில்லை. இரண்டு மாதம் புன்னைக்காயலில் ஆற்றுவாயில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம், ஒரு மீன்பிடிக்கிறவர் மணலில் கிடந்த இந்த எலும்பைக் காட்டியிருக்கிறார். மகன் அந்த மிருகத்தின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிறான் என்பது அன்றிலிருந்து அவர் கணக்கு.

"ஐயா, இப்படி ஒரு மிருகம் கிடையாது" என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இது திமிங்கிலம். ஒரு வகைக்குப் பல்லே இல்ல, தேங்காகூடத் தொண்டையில இறங்காது. இன்னொரு வகை ஆளை விழுங்கும். விழுங்கினா அவ்வளவுதான்."

"மூச்சு விட மேல வருமா?"

"வரும்."

"வெளிக்காத்தை இழுக்குமா?"

"இழுக்கும். ஆனா அது நுரையீரலுக்கு."

"அப்பக் காத்து இருக்கு" என்று எழுதிக்கொண்டார். "ரத்தம் சூடா, மீன் மாதிரிக் குளிரா?"

"சூடு."

"குளிருல சாவமாட்டான்." அதையும் எழுதினார்.

நான் சொன்ன உண்மை ஒவ்வொன்றையும் அந்த மிருகம் தின்று பெருத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மதியம் சாப்பாடு போட்டது மருமகள் எஸ்தர். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கொழும்பில் அம்மா செய்த அதே ருசி. ஊர் மறந்தாலும் இது மறக்காது போலிருக்கிறது. இரண்டுமுறை கேட்டு வாங்கினேன். எஸ்தர் குனிந்து பரிமாறினாள். கழுத்தில் தாலி இருந்தது, கையில் கண்ணாடி வளையல் இருந்தது, புருஷன் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வரப்போகிறவள் போல.

நான் கை கழுவுவதற்குள் சீவலப்பேரியிலிருந்து அவள் அண்ணன் சாமுவேல் வந்துவிட்டான். வயல்வேலைக்காரன், கணுக்காலில் சேறு. வாசலிலேயே ஆரம்பித்தான்.

"மாமா, தை பொறந்தா அந்த மாப்பிள்ள வீட்டாரு வேற எடம் பாத்துருவாவ. பொண்டாட்டி செத்த மனுசன், ரெண்டு புள்ளயள வச்சிக்கிட்டு எத்தன நாளு காத்துக் கெடப்பாரு? ஐயருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

ஐயர் என்றதும் எனக்குப் புரியவில்லை. இங்கே கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஐயர், தகப்பன் வாயால் மகன் இறந்தான் என்று கேட்காமல் பதிவேட்டில் எழுதமாட்டேன் என்றிருக்கிறார். எழுதாவிட்டால் எஸ்தர் இன்னும் தானியேலின் மனைவிதான். வேறு கல்யாணம் கிடையாது.

"உசுரோட இருக்கவனைச் செத்தான்னு சொல்லச் சொல்லுதியா?" என்றார் வாத்தியார்.

"அந்த மிருகத்துக்கு வயசு நூறுன்னு எழுதி வச்சிருக்கிய. எந் தங்கச்சிக்கு வயசு என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"இருவத்தி மூணு. அதையும் எழுதித்தாம்லே வச்சிருக்கேன்."

சாமுவேல் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் போய் நின்றான். நான் பின்கட்டுக்குப் போனேன். எஸ்தர் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள்.

"அண்ணாச்சி, அது இல்லன்னு சொல்லாதிய."

"இல்லாததை இல்லன்னுதானம்மா சொல்லணும்?"

"ரெண்டு வருசமா எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. ஐயரு சொன்னாவ, டாக்டரு சொன்னாவ, எங்க அண்ணன் வாரப்பெல்லாம் சொல்லுதான். இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல அதுக்கு ஒரு கையோ காலோ மொளைக்கி. நீங்க அதக் கொன்னுருங்க."

"என்னது?"

"செத்துப்போச்சின்னு சொல்லுங்க. நீங்க எலும்பு பாக்குத ஆளு. நீங்க சொன்னா மாமா கேப்பாவ."

"எலும்பை வச்சிப் பொய் சொல்லுத ஆள் நான் இல்ல" என்று கத்திவிட்டேன். அவள் வாளியை மறுபடி இறக்கினாள். கொழும்பில் தொங்கும் பலாக்கட்டை எனக்கு நினைவு வந்தது. கோபம் இன்னும் கூடியது.

மூன்றாம் நாள் காலை, எலும்பைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்றுதான் போனேன். வாத்தியார் தர ஆயத்தமாகவே இருந்தார். எனக்கு அது ஆச்சரியம்.

"கொண்டுபோவும். அடுத்த கணு இந்த வருசம் விழும். பல்லிக்கு வாலு உதிர்ந்து மொளைக்கில்லா, அதுக்கும் அப்படித்தான். வருசம் ஒண்ணு உதுக்கும்" என்றார்.

அந்த இடத்தில்தான் அவர் கணக்கில் ஓட்டை தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த எலும்பின்மேல் கையூன்றி எழுதிய மனிதர், எலும்பு கையில் இருந்தால் அந்த மிருகம் எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு இப்படி ஒரு வழி செய்து வைத்திருந்தார். நான் எலும்பைப் புரட்டி நிறுத்தினேன். நோட்டும் மைக்கூடும் தரையில் விழுந்தன.

"ஐயா, இந்தத் துவாரத்தை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"நீர் போற வழி."

"கையை விட்டுப் பாருங்க. முஷ்டியை."

விட்டார். மணிக்கட்டுவரை போனது.

"தலையிலேருந்து வர்ற நரம்பு இதுக்குள்ளதான் ஓடும். வால்பக்கம் போகப் போக இந்தத் துவாரம் சிறுத்து, கடைசியில இல்லாமலே போயிரும். இது வாலு இல்ல. நடு முதுகு. நடு முதுகை உதுத்துட்டு எதுவும் நீந்தாது. இந்த எலும்பு வெளிய வந்திருக்குன்னா அது செத்துப்போச்சு."

இதுவரை சொன்னதில் பொய் இல்லை.

வாத்தியார் கையை எடுக்கவில்லை. தெருவில் யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தேய்ந்து மறையும்வரை அப்படியே குனிந்து நின்றார்.

"எப்பச் செத்துச்சி?"

புதுத் திமிங்கில எலும்பு வருஷக்கணக்கில் எண்ணெய் கசியும், அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. இதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெயிலும் உப்பும் தின்று சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்தது. அந்த மிருகம் இறந்து இருபது வருஷத்துக்குக் குறையாது. தானியேல் அப்போது பிள்ளைப் பருவம். அதைச் சொன்னால் வாத்தியார் சும்மா இருப்பாரா? அப்படியானால் இது வேறொன்று, அது உயிரோடு இருக்கிறது என்பார். கதவுக்குப் பின்னால் எஸ்தரின் வளையல் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷம்" என்றேன்.

"எந்த மாசம்?"

எந்த எலும்பும் மாசம் சொல்லாது. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர், பதில் வரும்வரை பையனை உட்காரவிடாத பார்வை பார்த்தார்.

"ஐப்பசி."

"மாசத்து முன்பாதியா, பின்பாதியா?"

"கடைசி வாரத்துல" என்றேன், பேச்சை முடிக்கிற அவசரத்தில்.

அவர் கையை வெளியே எடுத்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் நான் செய்த முட்டாள்தனம் எனக்குப் புரிந்துவிட்டது. தோணி கிளம்பியது மாதத்தின் நடுவில்.

"ஒரு வாரம்" என்றார். "ஒரு வாரம் உள்ள இருந்திருக்கான்."

நான் குனிந்து, கவிழ்ந்து கிடந்த மைக்கூட்டை நிமிர்த்தி வைத்தேன்.

"கூப்பிட்டிருப்பானோவே? அங்கன இருந்து கூப்பிட்டா வெளிய கேக்குமா?"

அந்த மிருகத்தின் வயிற்றுக்குள் இனி நான்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்தது. இறங்கினேன்.

"உள்ள இருக்கிற காத்து நல்ல காத்து இல்ல ஐயா. மூடிக் கிடந்த கிணத்துல இறங்கினா தலை சுத்துமே, அந்த மாதிரி. அந்தச் சூட்டுக்கும் அந்தக் காத்துக்கும் அரை நாழியில தூக்கம் வந்துரும்."

"பெறகு முழிக்கமாட்டானா?"

"மாட்டாரு. பசி தெரியாது, இருட்டுத் தெரியாது. மிருகம் செத்ததும் தெரிஞ்சிருக்காது."

தரையில் கிடந்த நோட்டை எடுத்து, சிந்திய மையைத் துடைத்து, காற்று என்று தலைப்பிட்ட பக்கத்தைத் தேடிப் பிரித்தார். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். மூன்று பக்கத்துக்கு அவர் கட்டியதன் அடியில் என் நான்கு வரி. பேனாவைத் துடைத்து வைத்தார்.

"எஸ்தரு, ஐயரை வரச்சொல்லும்மா" என்றார். நேற்றுவரை வா போ என்று பேசிய மருமகளிடம் குரல் அவ்வளவு மெல்ல வந்தது.

நான்காம் நாள் எலும்பைப் புதைத்தோம். உடல் இல்லாமல் குழி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வாத்தியார் எலும்பை விட்டுக் கொடுக்கவில்லை. கடைசிவரை பையன் இதற்குள்தான் இருந்தான் என்றார். ஐயர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"உள்ளதைச் சொல்லும். இதுல மனுச சம்பந்தம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. திமிங்கிலம். ரொம்பப் பழசு."

கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பார்த்தார். "ஓரமாத் தோண்டச் சொல்லுதேன்" என்றார். "நீரு எங்கிட்டச் சொன்னதை வேற யார்கிட்டயும் சொல்லவேண்டாம்." பிறகு பதிவேட்டைத் திறந்து, ஐப்பசிக் கடைசியில் ஒரு தேதியை எழுதினார். அந்தத் தேதிக்கு என்னைத் தவிர ஆதாரம் கிடையாது.

ஜெபம் சுருக்கமாக முடிந்தது. குழிக்குள் எலும்பை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாத்தியார் மண் போட்டார், வீட்டுக்குப் போனார், கதவைச் சாத்திக்கொண்டார். எஸ்தர் அவருக்கு இரண்டு நாளைக்குக் குழம்பு சுண்டவைத்து, அரிசி அளந்து வைத்து, கதவுக்கு வெளியே நின்று "போயிட்டு வாரேன் மாமா" என்றாள். கதவு திறக்கவில்லை. இனி அவருக்கு யார் சமைப்பார்கள் என்று நான் கேட்டேன். சாமுவேல் என்னை முறைத்தான். அவன் முறைத்ததும் நியாயம். ஊரைவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் கேள்வி எதற்கு?

எனக்கும் வெறுங்கைதான். துரையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வண்டியில் தொற்றினேன். சீவலப்பேரிப் பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் நெல் கதிர் வாங்கியிருந்தது. சாமுவேல் மாட்டுக்கு நுகத்தடியைச் சரிசெய்ய முன்னால் போனான்.

எஸ்தர் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தாலியைக் கழற்றியிருந்தாள், அது கிடந்த இடம் கழுத்தில் வெளுத்துத் தெரிந்தது. அவள்தான் என்னைப் பொய் சொல்லச் சொன்னவள். நான் சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். அண்ணன் காதில் விழாதபடி குனிந்தாள்.

"அண்ணாச்சி, அந்த ஒரு வாரமும் தூங்கிக்கிட்டுத்தான இருந்திருப்பாவ?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு தடவகூட முழிச்சிருக்கமாட்டாரு."

அவள் தலையாட்டினாள். சாமுவேல் ஏறி மாட்டை அதட்டினான். வண்டி போனது.